காதுக்கு மருந்து என்று எழுதினால் காதில்தான் விடுவார்கள்

கேள்வி: நான் நியூ ஜெர்சி மாநிலத்தில் எடிசனில் வசிக்கிறேன். பக்கத்து ஊரான நியூ பிரன்ஸ்விக்கில் ஒரு மருந்துக் கடையில் இரண்டு ஆண்டுகளாகப் பார்மசி டெக்னீஷியனாக (மருந்தாளுநரின் உதவியாளராக) வேலை செய்கிறேன். எங்களிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் மெக்சிகோவின் ஒஹாக்கா பகுதியிலிருந்து வந்த குடும்பங்கள். சென்ற மாதம் ஓர் அம்மாள், காது வலிக்காகக் குழந்தைக்கு எழுதிக் கொடுத்த அமாக்சிசிலின் சிரப்பை நான்கு நாட்கள் குழந்தையின் காதில் ஊற்றியிருக்கிறார். மருந்தைக் கொடுத்தவள் நான்தான். 'புரிந்ததா?' என்று கேட்டேன். 'ஸி, ஸி' என்று தலையாட்டினார். காய்ச்சல் இறங்காமல் திரும்பி வந்தபோதுதான் தெரிந்தது. மருந்தாளுநர் டாக்டரை அழைத்துப் பேசினார்; குழந்தை இப்போது நலம். 'படிக்காத ஜனங்கள், சொன்னாலும் ஏறாது' என்கிறார் உடன் வேலை செய்பவர். எனக்கு மனம் ஒப்பவில்லை. பல வீடுகளில் எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகள்தான் மொழிபெயர்க்கிறார்கள், அது சரியா? சர்க்கரை நோயுள்ள ஒருவர் மாதந்தோறும் சப்பாத்திக்கள்ளி மாத்திரை மட்டும் வாங்கிப் போகிறார். காப்பீடு இல்லை; குடியேற்ற அதிகாரிகளிடம் சிக்கிவிடுவோமோ என்று டாக்டரிடம் போகவும் பயம். 'ஒன்றும் ஆகாது, போங்கள்' என்று நான் தைரியம் சொல்லலாமா? ஸ்பானிஷ் வகுப்பில் சேரவும் யோசிக்கிறேன். லேபிளின் படத்தை இணைத்துள்ளேன்.
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தைப் படிப்பதற்கு முன்பே அந்த லேபிளைப் பார்த்துவிட்டேன். பார்த்ததும் எனக்கு அந்த அம்மாள் மீது வருத்தம் வரவில்லை. அதை அச்சடித்த நம் தரப்பின் மீதுதான் வந்தது. முதல் வரியில் 5 மில்லி, நாளைக்கு இரு வேளை, 10 நாட்கள் என்று இருக்கிறது. இரண்டாவது வரியில், சற்றுப் பெரிய எழுத்தில், 'பாரா எல் ஓயீதோ' என்று இருக்கிறது. அதன் பொருள் 'காதுக்கு' என்பதுதான். 'வாய் வழியாக' என்ற சொல் லேபிளில் எங்கும் இல்லை. தமிழிலேயே யாராவது ஒரு சிறிய பாட்டிலை நம் கையில் கொடுத்து 'இது காதுக்கு மருந்து' என்று சொன்னால் நாம் என்ன செய்வோம்? குழந்தையை மடியில் சாய்த்துக் காதில் விடுவோம். அந்த அம்மாள் எழுதியிருந்ததைச் சரியாகப் படித்து, சரியாக நிறைவேற்றியிருக்கிறார். எழுதப்பட்டதுதான் தவறு. இதைப் 'படிப்பறிவின்மை' என்று சொல்வது, வழி தவறாகச் சொன்னவர் வழிப்போக்கரைக் குறை கூறுவதற்குச் சமம்.

நான் மத்திய நியூ ஜெர்சியில் ஒரு சமுதாய சுகாதார மையத்தில் பத்தொன்பது ஆண்டுகளாகக் குடும்ப மருத்துவராகப் பணி செய்கிறேன். வாயில் கொடுக்க வேண்டிய சிரப் காதுக்குள் போன கதையை நான் கேட்பது இது முதல் முறையன்று; ஆங்கிலம் பேசும் வீடுகளிலும் அது நடந்திருக்கிறது. ஸ்பானிஷ் லேபிள்களுக்கு அதற்கு மேலும் சில ஆபத்துகள் உண்டு. ஆங்கிலத்தில் 'ஒருமுறை' என்று பொருள்படும் 'ஒன்ஸ்' என்ற நான்கெழுத்துச் சொல்லை அப்படியே ஸ்பானிஷில் படித்தால் 'ஓன்ஸே' ஆகிவிடும். அதற்குப் பதினொன்று என்று பொருள். பாதி ஆங்கிலமும் பாதி ஸ்பானிஷுமாக அச்சாகிற லேபிளில், நாளைக்கு ஒரு மாத்திரை என்பது நாளைக்குப் பதினொரு மாத்திரையாக மாறுவதற்கு வேறொன்றும் தேவையில்லை. நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் கணினி மூலம் மொழிபெயர்க்கப்பட்ட ஸ்பானிஷ் லேபிள்களை ஆராய்ந்து 2010 இல் வெளியான ஓர் ஆய்வில், பாதி லேபிள்களில் பிழை இருந்தது. வாய் என்பதற்கான 'போக்கா' என்ற சொல் ஓரெழுத்து மாறிக் 'கொஞ்சம்' என்று பொருள்படும் 'போக்கா'வாக அச்சாகியிருந்ததும் அவற்றுள் ஒன்று. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகவே தெரிகின்றன; ஸ்பானிஷில் அவற்றின் முதலெழுத்தும் வேறு, பொருளும் வேறு.

அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'கூச்சராதா' என்றால் மேசைக்கரண்டி, 15 மில்லி. 'கூச்சராதீத்தா' என்றால் தேக்கரண்டி, 5 மில்லி. சொல்லின் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தச் சிறிய விகுதி காதில் விழாவிட்டால் குழந்தைக்கு மூன்று மடங்கு மருந்து போய்விடும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2015 இலேயே கரண்டிக் கணக்கை விட்டுவிட்டு மில்லிக் கணக்கை மட்டும் பயன்படுத்தச் சொல்லிவிட்டது. ஆகவே கரண்டி என்ற பேச்சையே எடுக்காதீர்கள். ஊசியில்லாத வாய்வழி சிரிஞ்ச் ஒன்றைக் கையில் கொடுத்து, 5 என்ற கோட்டில் நிறப் பேனாவால் தடித்து ஒரு கோடு போட்டுக் கொடுங்கள்.

இனி அந்த 'ஸி, ஸி'க்கு வருகிறேன். (ஸ்பானிஷில் 'ஆம்' என்பது நம் காதில் 'சீ' என்று விழுவதால் முதல் ஆண்டு முழுவதும் நான் திடுக்கிட்டுக்கொண்டே இருந்தேன்.) 'புரிந்ததா?' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று பதில் சொல்ல மிகுந்த துணிவு வேண்டும். வெள்ளை அங்கி அணிந்தவர் முன்னால், பின்னால் வரிசையில் ஆறு பேர் நிற்கும்போது, தம்மைப் பாமரர் என்று காட்டிக்கொள்ள யாரும் விரும்ப மாட்டார்கள். அதோடு, பெரியவர்களையும் படித்தவர்களையும் மறுத்துப் பேசுவது மரியாதையன்று என்ற பழக்கம் அந்தக் குடும்பங்களில் ஆழமாக ஊறியிருக்கிறது. அவர்கள் அதை 'ரெஸ்பேத்தோ' என்பார்கள். நம் ஊர்ப் பெரியவர்கள் டாக்டரிடம் 'சரிங்கய்யா, சரிங்கய்யா' என்று சொல்லிவிட்டு, வெளியே வந்ததும் 'என்னப்பா சொன்னாரு?' என்று மகனிடம் கேட்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அந்த 'சரிங்கய்யா' போன்றதுதான் இந்த 'ஸி'. நீங்கள் சொன்னதைக் கேட்டேன் என்பதற்கான மரியாதை அது. புரிந்தது என்பதற்கான ஒப்புதல் அன்று.

ஆகவே கேள்வியை மாற்ற வேண்டும். எங்கள் மையத்தில் நாங்கள் கேட்பது இதுதான்: 'நான் சரியாக விளக்கினேனா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. இன்றிரவு வீட்டில் இந்த மருந்தை எப்படிக் கொடுப்பீர்கள் என்று எனக்குச் செய்து காட்டுகிறீர்களா?' தேர்வு எழுதுவது நோயாளி அல்லர், நாம் என்பது போல அந்தக் கேள்வி அமைய வேண்டும். அந்த அம்மாளின் கையில் சிரிஞ்சும் தண்ணீரும் கொடுத்திருந்தால் அவர் 5 வரை இழுத்துவிட்டு நேராகக் குழந்தையின் காதருகே கொண்டு போயிருப்பார். அரை நிமிடத்தில் விஷயம் வெளியே வந்திருக்கும். கவுண்டரில் நேரமில்லை என்பீர்கள். நான்கு நாள் தாமதத்துக்குப் பிறகு டாக்டருடன் தொலைபேசியில் பேசுவதற்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று மருந்தாளுநரைக் கேட்டுப் பாருங்கள்.

ஆனால் ஓர் எல்லையையும் இங்கே சொல்ல வேண்டும். மருந்து உண்ணும் முறையை விளக்கும் பொறுப்பு மருந்தாளுநருடையது. டெக்னீஷியனான உங்களுக்கு அந்த உரிமம் இல்லை. 1990 இல் வந்த கூட்டாட்சிச் சட்டம், மெடிக்கெய்ட் என்ற, வருமானம் குறைந்தவர்களுக்கான அரசுக் காப்பீட்டில் உள்ள நோயாளிகளுக்கு மருந்தாளுநர் ஆலோசனை வழங்க முன்வர வேண்டும் என்று கட்டாயமாக்கியது. நடைமுறையில் அது 'மருந்தாளுநரிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?' என்ற ஒரு கேள்வியாகச் சுருங்கிவிட்டது. அதற்கும் 'இல்லை' என்பதே பதிலாகக் கிடைக்கிறது. நீங்கள் செய்யக்கூடியது அந்தக் கேள்வியைக் கேட்காமலிருப்பதுதான். குழந்தைக்கான சிரப், இன்சுலின், ரத்தத்தை நீர்க்கச் செய்யும் மருந்து ஆகியவை கவுண்டரைத் தாண்டுவதற்கு முன் 'எங்கள் மருந்தாளுநர் உங்களுடன் இரண்டு நிமிடம் பேசுவார்' என்று சொல்லி, மொழிபெயர்ப்புத் தொலைபேசியையும் (மொழிபெயர்ப்பாளர் தொலைபேசி வழியே பேசும் சேவை) மருந்தாளுநரையும் சேர்த்து அழைத்துவிடுங்கள்.

பிள்ளைகளை மொழிபெயர்க்க வைப்பது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். சரியன்று, சட்டப்படியும் அன்று. 2010 ஆம் ஆண்டின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின் 1557 ஆம் பிரிவும் அதன் கீழான விதிகளும், கூட்டாட்சிப் பணம் பெறும் மருத்துவ நிறுவனங்கள் தகுதியான மொழிபெயர்ப்பாளரை இலவசமாகத் தர வேண்டும் என்கின்றன. உயிருக்கு ஆபத்தான அவசர நிலையில், வேறு வழியே இல்லாதபோது தவிர, சிறுவர்களை அதற்குப் பயன்படுத்தக் கூடாது. மெடிக்கெய்டிலிருந்தும், முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரிலிருந்தும் பணம் பெறுகிற உங்கள் கடையும் இதில் அடங்கும். மொழி உதவி பற்றிய 2000 ஆம் ஆண்டின் அதிபர் ஆணை 2025 மார்ச்சில் திரும்பப் பெறப்பட்டதைச் சுட்டிக்காட்டி 'இனி அது தேவையில்லை' என்று யாராவது சொல்லக்கூடும். ஆணை போனாலும் 1557 ஆம் பிரிவும் 1964 ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டமும் போய்விடவில்லை.

சட்டத்தை விடுங்கள். எங்கள் மையத்தில் ஒரு நாள் தொலைபேசி வேலை செய்யாததால், பத்து வயதுப் பையனை வைத்து அவன் தாயிடம் பேசினேன்; அது என் தவறு. இன்சுலின் போட வேண்டியிருக்கும் என்று நான் சொன்னபோது அவன் தாயிடம் நீளமாக ஏதோ சொன்னான், அவர் தலையசைத்தார். அடுத்த வாரம் மொழிபெயர்ப்பாளருடன் பேசியபோது அந்தத் தாய்க்கு இன்சுலின் பற்றி எதுவுமே தெரியவில்லை. பையனைத் தனியே அழைத்துக் கேட்டேன். 'சொன்னால் அம்மா அழுவாங்க' என்றான். குழந்தைகள் தவறாக மொழிபெயர்ப்பதைவிட, அன்பினால் விட்டுவிடுவதுதான் அதிகம்.

இங்கே பெரும்பாலோர் கவனிக்காத ஒன்று உண்டு. ஒஹாக்காவிலிருந்து வருகிறவர்கள் அனைவரின் தாய்மொழியும் ஸ்பானிஷ் அன்று. மெக்சிகோ அரசு அங்கீகரித்துள்ள பழங்குடி மொழிகள் 68. அவற்றுள் சப்போதெக்கும் மிஸ்தெக்கும் ஒஹாக்காவில் பரவலாகப் பேசப்படுகின்றன. அவர்களில் சிலருக்கு ஸ்பானிஷ் என்பது நமக்கு ஆங்கிலம் போல, பள்ளியிலும் சந்தையிலும் கற்றது. ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பாளர் பேசும்போதும் ஒருவர் ஒற்றைச் சொல்லிலேயே பதில் சொல்லிக்கொண்டிருந்தால், 'வீட்டில் என்ன மொழி பேசுவீர்கள், எந்த ஊர்?' என்று விசாரியுங்கள். ஊர்ப் பெயரைக் கேட்பது முக்கியம்; ஒரு மலைப்பகுதியின் சப்போதெக் இன்னொரு பகுதிக்காரருக்கு விளங்காமல் போகலாம். அந்த மொழிகளுக்கும் தொலைபேசி மொழிபெயர்ப்பாளர்கள் இருக்கிறார்கள். முன்கூட்டியே நேரம் குறித்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

உங்கள் சக ஊழியரின் பேச்சுக்கு ஒரு புள்ளிவிவரமும் துணை நிற்பது போலத் தோன்றும். 2003 இல் அமெரிக்கா முழுவதும் நடந்த எழுத்தறிவு ஆய்வில், லத்தீன் அமெரிக்க வழி வந்த பெரியவர்களில் 41 சதவீதத்தினர் மருத்துவத் தகவல்களைப் புரிந்துகொள்வதில் மிகக் கீழான நிலையில் இருந்ததாகக் கண்டார்கள். ஆனால் அந்த ஆய்வு அளந்தது ஆங்கிலத்தில் உள்ள தாள்களைப் படித்துப் புரிந்துகொள்ளும் திறனை. அதே ஆய்வில், நாடு முழுவதற்கும் உயர்நிலையில் தேறியவர்கள் 12 சதவீதம் மட்டுமே. ஊரிலிருந்து வரும் மாமனாருக்குப் பயணக் காப்பீடு வாங்கிவிட்டு, ஏற்கெனவே இருந்த நோய்க்கு அதில் பணம் கிடைக்காது என்று மருத்துவமனை பில் வந்த பிறகு தெரிந்துகொண்ட பொறியாளர்களை எடிசனில் நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

இனி அந்தச் சர்க்கரைக்காரர். 'தெங்கோ அசூகார்', 'எனக்குச் சர்க்கரை இருக்கிறது' என்றுதான் அவர்களும் சொல்வார்கள். நாம் சொல்வது போலவே. அவர் வாங்கும் நோபால் என்ற கள்ளி, அங்கே சமையலில் சேர்க்கும் காய். நமக்குப் பாகற்காய், வெந்தயம் போல. அதைக் கேலி செய்தால் அவர் அடுத்த மாதம் வேறு கடைக்குப் போய்விடுவார். நோபால் சாப்பிடுவதில் தவறில்லை, அது மட்டும் போதாது என்பதே சொல்ல வேண்டியது. பெரிய அதிர்ச்சியால் சர்க்கரை வந்தது என்று அவர் சொல்லலாம்; அதற்கு 'சுஸ்தோ' என்று பெயர். இன்சுலின் போட்டால் கண் போய்விடும் என்றும் சொல்லலாம். நோய் முற்றிய பிறகே இன்சுலின் கிடைத்த ஊர்களில், ஊசி போட்ட சில மாதங்களில் பார்வை இழந்தவர்களைக் கண்ணால் பார்த்தவர்களின் முடிவு அது. 'உங்கள் ஊரில் யாருக்கு அப்படி ஆயிற்று?' என்று கேட்டால் ஒரு மாமாவோ பாட்டியோ வெளிப்படுவார்கள். அங்கிருந்துதான் பேச்சைத் தொடங்க முடியும். நாட்டு மருந்துகள் எல்லாவற்றையும் இப்படி விட்டுவிட முடியாது. குழந்தைகளின் வயிற்றுக் கட்டுக்குக் கொடுக்கப்படும் 'கிரேத்தா', 'அசர்கோன்' என்ற மஞ்சள், ஆரஞ்சுப் பொடிகள் ஏறக்குறைய முழுவதும் ஈயம். அவற்றின் பெயர் காதில் விழுந்தால் உடனே மருந்தாளுநரிடம் சொல்லுங்கள்.

அவரை எங்கே அனுப்புவது? கூட்டாட்சி நிதி பெறும் சமுதாய சுகாதார மையங்களில் வருமானத்துக்கு ஏற்பக் கட்டணம் குறையும். வறுமைக்கோட்டு வருமானத்தின் இரு மடங்கு வரை சலுகை உண்டு. காப்பீடு இல்லை என்பதற்காகத் திருப்பி அனுப்ப மாட்டார்கள். 2025 ஜூலையில் கூட்டாட்சி அரசு இந்த மையங்களையும் குடியேற்ற நிலை பார்த்து உதவ வேண்டிய திட்டங்களின் பட்டியலில் சேர்க்க முயன்றது; நியூ ஜெர்சி உள்ளிட்ட மாநிலங்கள் தொடுத்த வழக்கில், அந்த மாநிலங்களில் அதற்கு இடைக்காலத் தடை கிடைத்தது. இது மாறக்கூடியது, அனுப்புவதற்கு முன் மையத்தைத் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் மாத்திரை சில சங்கிலிக் கடைகளில் மாதம் 4 டாலருக்குக் கிடைக்கிறது. அவர் கள்ளி மாத்திரைக்குக் கொடுப்பதைவிட அது குறைவாகத்தான் இருக்கும். ஒருநாள் கூலி போய்விடும் என்று அவர் தயங்கினால், 2018 அக்டோபரிலிருந்து நியூ ஜெர்சியில் 30 மணி நேர வேலைக்கு 1 மணி நேரம் வீதம், ஆண்டுக்கு 40 மணி நேரம் வரை ஊதியத்துடன் நோய் விடுப்பு உண்டு என்பதைச் சொல்லுங்கள். ஏஜென்சி மூலம் கிடங்கு வேலைக்குப் போகிறவர்களுக்கும் அது பொருந்தும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால், வருமான வரம்புக்குள் வரும் குடும்பங்களில் 19 வயதுக்குட்பட்ட எல்லாக் குழந்தைகளுக்கும் 2023 ஜனவரி முதல் குடியேற்ற நிலை பார்க்காமல் மாநிலக் காப்பீடு உண்டு.

நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் போன்றவற்றுக்கு எந்த மருத்துவமனை அவசரப் பிரிவும் பரிசோதித்து நிலைப்படுத்தியே ஆக வேண்டும். 1986 ஆம் ஆண்டின் சட்டம் அது. இலவசம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பில் வரும். வந்த பிறகும் இந்த மாநிலத்தின் கருணைச் சிகிச்சைத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம்; ஆனால் டாக்டர்களின் தனிக் கட்டணம் அதில் அடங்காமல் போகலாம். இதை முன்பே சொல்லாததால் மருத்துவமனைப் பக்கமே திரும்பாமல் போனவர்களை எனக்குத் தெரியும்.

'ஒன்றும் ஆகாது' என்று சொல்லலாமா என்ற கேள்விக்கு என் பதில்: சொல்லாதீர்கள். பத்தாண்டுகளுக்கு முன் என்றால் நானே சொல்லியிருப்பேன். மருத்துவமனைகளில் குடியேற்றக் கைது கூடாது என்றிருந்த வழிகாட்டுதல் 2025 ஜனவரியில் நீக்கப்பட்டது. அதே ஆண்டில் மெடிக்கெய்ட் பதிவுகள், குடியேற்றக் கைதுகளைக் கவனிக்கும் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்குக் கொடுக்கப்பட்ட செய்தியும் வெளிவந்து, வழக்குகளும் நடந்தன. அவருடைய பயத்துக்குக் காரணம் இருக்கிறது. உங்களால் உறுதியாகச் சொல்ல முடிந்ததை மட்டும் சொல்லுங்கள்: 'உங்கள் குடியேற்ற நிலை எனக்குத் தெரிய வேண்டியதில்லை, நான் கேட்க மாட்டேன், எங்கும் எழுத மாட்டேன்.' மற்றதற்கு, குடியேற்றச் சட்டம் தெரிந்த இலவச வழக்கறிஞரின் எண்ணைக் கொடுங்கள். அதோடு, அந்த ஊரில் 'புரொமோத்தோரா' என்று அழைக்கப்படும் சுகாதாரத் தோழிகள் இருப்பார்கள். அதே சமூகத்தைச் சேர்ந்த, தேவாலயத்திலும் சந்தையிலும் எல்லோரும் அறிந்த பெண்கள். டாக்டர் பத்து முறை சொல்லியும் நகராதவர், அவர்களில் ஒருவர் கூட வருகிறேன் என்றால் எழுந்து வந்துவிடுவார், நான் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக ஸ்பானிஷ் வகுப்பு. அவசியம் சேருங்கள். அங்கே 'தூ', 'உஸ்தேத்' என்று நம் 'நீ', 'நீங்கள்' போல இரண்டு இருப்பதைக் கற்றுக்கொடுப்பார்கள். வாடிக்கையாளர் எவராயினும் உஸ்தேத் என்றே பேசுங்கள். பெயர் சொல்லி வரவேற்கவும், குழந்தை எப்படி இருக்கிறது என்று விசாரிக்கவும் அந்த ஸ்பானிஷ் போதும். அளவும் வேளையும் சொல்ல வேண்டிய இடத்தில் தொலைபேசியையே எடுங்கள். என் ஸ்பானிஷுக்கு வயது பத்தொன்பது, நான் இன்னும் எடுக்கிறேன். வகுப்பு தொடங்கும் வரைக்கும் ஒரு சொற்றொடரை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: 'முயேஸ்த்ரெமே, போர் ஃபவோர்'. 'எனக்குக் காட்டுங்கள், தயவுசெய்து' என்பது அதன் பொருள். அந்த அம்மாள் அடுத்த முறை வரும்போது லேபிளுக்காக முதலில் மன்னிப்புக் கேட்டுவிட்டு, பிறகு சிரிஞ்சைக் கையில் கொடுத்து அதைச் சொல்லிப் பாருங்கள்.